பரணில் தூங்கும் கம்ப்யூட்டர்கள்

(முன்னாள் மாணவர் சங்கக் கூடுகையில் ஆற்றிய உரை. பேசியபடியே, சிறு திருத்தங்களுடன்.)



செயலாளர் போன் செய்து, "இந்தத் தடவை நீங்க அரை மணி நேரம் பேசணும்" என்றார். நான் பிழைப்புக்குச் செய்வது மின்சார மீட்டருக்குள் போகும் சர்க்யூட் போர்டு வடிவமைப்பு. அதைப் பற்றி அரை மணி பேசினால், மதியச் சாப்பாட்டுக்கு முன்னாலேயே பாதிப் பேர் தூங்கிவிடுவீர்கள். ஆகவே, சனி ஞாயிறுகளில் சம்பளம் இல்லாமல் செய்கிற வேலையைப் பற்றிச் சொல்கிறேன். என் மனைவி இதற்கு வைத்திருக்கும் பெயர் "குப்பை பொறுக்குறது". வெளிநாட்டுக்காரர்கள் கொஞ்சம் மரியாதையாக "ரெட்ரோ கம்ப்யூட்டிங்" என்கிறார்கள்.

1982 ஏப்ரல் 23-ஆம் தேதி இங்கிலாந்தில் சின்க்ளேர் கம்பெனி 'இசட்.எக்ஸ். ஸ்பெக்ட்ரம்' என்ற வீட்டுக் கம்ப்யூட்டரை வெளியிட்டது. கைக்கு அடக்கமான கறுப்புப் பெட்டி, ரப்பர் சாவிகள். 16 கே மெமரி உள்ளது 125 பவுண்டு, 48 கே உள்ளது 175 பவுண்டு. உள்ளே இசட்80 பிராசசர், வேகம் 3.5 மெகாஹெர்ட்ஸ். மானிட்டர் கிடையாது, வீட்டு டி.வி.யில் செருக வேண்டும். டிஸ்க் கிடையாது, பாட்டுக் கேட்கிற டேப் ரிக்கார்டர்தான் அதன் பண்டகசாலை. கேசட்டைப் போட்டால் ஒரு ஊளைச் சத்தம், பிறகு பல்லைக் கூசவைக்கும் ஒரு கரகரப்பு. அந்தக் கரகரப்புத்தான் புரோகிராம். 48 கே முழுதும் ஏற ஏறத்தாழ ஐந்து நிமிஷம் ஆகும். நான்காவது நிமிஷத்தில் வீட்டில் யாராவது மிக்சி போட்டால் மறுபடியும் முதலிலிருந்து.

ஹார்டுவேரை வடிவமைத்தவர் ரிச்சர்ட் ஆல்ட்வாசர். உள்ளே இருக்கும் பேசிக் மொழியை எழுதியவர் ஸ்டீவ் விக்கர்ஸ். பெட்டிக்கு உருவம் கொடுத்தவர் ரிக் டிக்கின்சன். ஸ்காட்லாந்தில் டண்டீ நகரத்து டைமெக்ஸ் தொழிற்சாலையில் தயாரானது. 1986-ல் சின்க்ளேரின் கம்ப்யூட்டர் தொழிலை ஆம்ஸ்டிராட் கம்பெனி 50 லட்சம் பவுண்டுக்கு வாங்கிக்கொண்டது. 1992-ல் தயாரிப்பு நின்றது. சர் கிளைவ் சின்க்ளேர் 2021 செப்டம்பரில் காலமானார். சரித்திரம் இவ்வளவுதான். நான் பேச வந்தது 1992-க்குப் பிறகு நடந்ததைப் பற்றி.

"அது இங்கிலாந்துச் சமாசாரம், உனக்கென்னப்பா?" என்று பின்வரிசையில் யாரோ கேட்பது காதில் விழுகிறது. இரண்டு சம்பந்தம் உண்டு. முதலாவது, 80-களின் பிற்பாதியில் புனேயைச் சேர்ந்த டெசிபெல்ஸ் எலக்ட்ரானிக்ஸ் என்ற நிறுவனம், ஸ்பெக்ட்ரமின் அடுத்த மாடலான ஸ்பெக்ட்ரம் பிளஸ்ஸை 'டி.பி. ஸ்பெக்ட்ரம்' என்ற பெயரில் நம் நாட்டில் விற்றது. அப்போது புனேயில் வேலையில் இருந்த என் தாய்மாமா ஒன்று வாங்கினார். மூத்த அண்ணன்மார்களுக்கு இன்னொன்றும் நினைவிருக்கும். 1984-ல் மத்திய அரசு 'கிளாஸ்' என்று ஒரு திட்டம் தொடங்கி, பள்ளிகளுக்கு பி.பி.சி. மைக்ரோ கம்ப்யூட்டர்களைக் கொடுத்தது. செருப்பைக் கழற்றிவிட்டு ஏ.சி. அறைக்குள் போய், கையைக் கட்டிக்கொண்டு பார்த்துவிட்டு வந்தோம் என்று சிலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். கோயில் கர்ப்பக்கிருகம் மாதிரி! மாமா வீட்டுக் கம்ப்யூட்டர் அப்படியில்லை. அது சாப்பாட்டு மேஜைமேல், சாம்பார்ச் சட்டிக்குப் பக்கத்தில் இருந்தது.

இரண்டாவது சம்பந்தம் இந்தக் கல்லூரி. நம் மைக்ரோபிராசசர் லேபில் 8085 கிட்டில் ஹெக்ஸ் எண்களை அடித்து, விரல் தேய்ந்து, ரிக்கார்டு நோட்டில் கையெழுத்து வாங்கினோமே, ஞாபகம் இருக்கிறதா? இன்டெலின் 8080-ஐ உருவாக்கிய ஃபெடரிகோ ஃபாஜினும் மசதோஷி ஷிமாவும் வெளியே வந்து, சைலாக் கம்பெனியில் 1976-ல் செய்ததுதான் இசட்80. 8085-உம் அதே 8080-இன் வாரிசு. ஆக இரண்டும் பங்காளிகள். பங்காளி என்றால் சொத்துச் சண்டை இருக்கத்தானே செய்யும். 8085-ல் 20, 30 என்ற எண்கள் ஒன்றைச் சொன்னால் இசட்80-ல் வேறொன்றைச் சொல்லும். ஆனால் அக்குமுலேட்டரில் எண் போட 3ஈ, தாவுவதற்கு சி3, திரும்பி வர சி9, நின்றுவிட 76 எல்லாம் இரண்டிலும் ஒன்றேதான். 'இது எதுக்குடா உருப்படும்' என்று நாம் சலித்துக்கொண்ட பாடம், பத்து வருஷம் கழித்து எனக்கு ஒரு அன்னிய ஊரில் நண்பர்களைத் தேடிக் கொடுத்தது. அந்த இசட்80 சில்லு 48 ஆண்டு ஓடி, 2024-ல்தான் கடைசி ஆர்டர் வாங்கி நிறுத்தப்பட்டது.

2015-ல் என் அலுவலகம் என்னை இங்கிலாந்துக்கு அனுப்பியது. கேம்பிரிட்ஜ் பக்கத்தில் ஒரு சிற்றூர். குளிர்காலத்தில் மாலை நான்கு மணிக்கே இருட்டிவிடும். பேச ஆள் கிடையாது. மாதத்தில் ஒரு சனிக்கிழமை, ஊர்ப் பொது மண்டபத்தில் பழைய கம்ப்யூட்டர்க்காரர்கள் கூடுவார்கள் என்று ஒரு கடைக் கண்ணாடியில் அறிவிப்புப் பார்த்துவிட்டுப் போனேன். இருபது பேர் இருப்பார்கள். ஆளுக்கு ஒரு பெட்டி, ஒரு குண்டு டி.வி., மூலையில் டீயும் பிஸ்கட்டும். புதிதாக வந்தவனுக்காக, வட்டமாக உட்கார்ந்து, 'நான் செய்தது இன்னது' என்று ஒவ்வொருவரும் சொன்னார்கள். யாரும் பெருமை அடித்துக்கொள்ளவில்லை. இழவு வீட்டில் சொந்தக்காரர்கள் யார் எந்தக் காரியத்தைப் பார்த்தார்கள் என்று கணக்குச் சொல்வார்களே, அந்தத் தொனி.

ஒருவர் பஸ் டிரைவராக இருந்து ஓய்வு பெற்றவர். அந்தக் காலத்துப் பத்திரிகைகளில் பக்கம் பக்கமாக புரோகிராம் அச்சாகும், வாசகர்கள் வீட்டில் உட்கார்ந்து அடித்துக்கொள்ள வேண்டியது. அவற்றில் பல எந்தக் கேசட்டிலும் வந்ததில்லை. இந்த மனிதர் ஒன்பது வருஷமாக, ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு, அந்தப் பக்கங்களை ஒவ்வொன்றாக அடித்துச் சேமித்துக்கொண்டிருந்தார். அச்சுப் பிழை இருந்தால் அதை அப்படியே ஒரு பிரதியும், திருத்தி ஒரு பிரதியும். "எதற்கு இரண்டு?" என்று கேட்டேன். "பிழையும் அச்சானதுதானே, தம்பி" என்கிற பாவனையில் பதில் சொன்னார். பதிப்பாசிரியர் வேலை என்பது இதுதான் என்று நம் தமிழ்த்துறைக்காரர்களுக்குத் தெரிந்திருக்கும்.

இன்னொரு அம்மாள் பள்ளியில் சமையல் வேலை. அவர் மகனுடைய விளையாட்டுக் கேசட்டுகளின் அட்டைகளை, மகன் வீட்டை விட்டுப் போன பிறகும் தூக்கிப் போடாமல் வைத்திருந்தார். ஸ்கேன் செய்யக் கற்றுக்கொண்டு, இருநூற்றுச் சொச்சம் அட்டைகளைக் காப்பகத்துக்குக் கொடுத்தார். அவருக்குக் கம்ப்யூட்டரை ஆன் செய்வதைத் தவிர வேறொன்றும் தெரியாது என்று அவரே சிரித்துக்கொண்டு சொன்னார். அன்றைக்கு அந்த மண்டபத்தில் பேசியவர்களில் எனக்கு மிகவும் பிடித்தது அவர் சொன்னதுதான்.

பெரிய காரியங்களும் நடந்திருக்கின்றன. ஸ்பெக்ட்ரமின் உயிர்நாடி யு.எல்.ஏ. என்ற ஒரு ஃபெரான்டி சில்லு. படம் காட்டுவது, சாவி பார்ப்பது, டேப் ஓசை கேட்பது எல்லாம் அதன் பொறுப்பு. அது போய்விட்டால் கடையில் கிடைக்காது. கிறிஸ் ஸ்மித் என்பவர் அந்தச் சில்லின் மேலுறையைக் கழற்றிப் படம் எடுக்கச் செய்து, உள்ளே இருக்கும் சர்க்யூட்டை வரைந்து, 2010-ல் ஒரு புத்தகமாகவே போட்டுவிட்டார். அதற்கு முன்பே சாதாரண 74 வரிசைச் சில்லுகளை மட்டும் வைத்து, யு.எல்.ஏ. இல்லாத ஒரு ஸ்பெக்ட்ரமைச் செய்து 'ஹார்லிகுவின்' என்று பெயரும் வைத்தார். நம் டிஜிட்டல் லேபில் 7400-ஐயும் 7474-ஐயும் எரித்திருக்கிறோமே, அந்தக் குடும்பம்தான். கிழக்கு ஐரோப்பாவில் இதை வேறு வழியில் 80-களிலேயே செய்துவிட்டார்கள், யு.எல்.ஏ. வாங்க முடியாததால் கைக்குக் கிடைத்த சில்லுகளைக் கோத்து நகல் எடுத்தார்கள். ரஷ்யாவில் 'பென்டகன்', செக்கோஸ்லோவாகியாவில் 'டிடாக்டிக்' என்று ஊருக்கு ஒரு ஸ்பெக்ட்ரம்.

சட்டப் பிரச்சினையும் உண்டு. மெஷினின் உள்ளே இருக்கும் 16 கே ரோம் இல்லாமல் எமுலேட்டர் ஓடாது. அதன் உரிமை ஆம்ஸ்டிராடிடம் இருந்தது. 1999-ல், எமுலேட்டருக்காக அந்த ரோமைப் பகிர்ந்துகொள்ளலாம், உரிமைக் குறிப்பை மட்டும் மாற்றாதீர்கள் என்று கம்பெனி சார்பில் அனுமதி வந்தது. ஒரு கம்பெனி இப்படிப் பெருந்தன்மையாக நடந்துகொள்வது அபூர்வம். வேறு சில மெஷின்களின் ரசிகர்கள் இதற்காக எங்கள் மேல் இன்னும் பொறாமைப்படுகிறார்கள்.

எல்லாரும் நல்லவர்கள் என்று சொல்ல மாட்டேன். பெட்டியைத் திறக்காமலேயே கண்ணாடி அலமாரியில் அடுக்கி வைத்து, விலை ஏறுகிறதா என்று பார்ப்பவர்களும் இருக்கிறார்கள். அவர்களைக் கண்டால் எனக்கு ஆகாது. கம்ப்யூட்டர் என்றால் ஓட வேண்டும்.

என் பங்கு என்ன? சிறியதுதான். மண்டபத்தில் வருகிற செத்த மெஷின்களைப் பார்க்கிற வைத்தியர்களில் நானும் ஒருவன் ஆனேன். மாணவர்களுக்காக ஒரு விஷயம் சொல்கிறேன். ஸ்பெக்ட்ரமின் முதல் 16 கே மெமரி, 4116 என்ற எட்டுச் சில்லுகள். ஒவ்வொன்றுக்கும் மூன்று மின்னழுத்தம் வேண்டும்: பிளஸ் 12, பிளஸ் 5, மைனஸ் 5. இந்த மைனஸ் 5 இல்லாமல் பிளஸ் 12 மட்டும் போனால் சில்லு வெந்துவிடும். ஆகவே, மெமரி போன மெஷின் வந்தால் உடனே சால்டரிங் அயர்னைத் தூக்கக் கூடாது. முதலில் மல்டிமீட்டர். மின்சாரம் மாற்றித் தரும் டிரான்சிஸ்டர் செத்திருந்தால், புதுச் சில்லைப் போட்ட அடுத்த நிமிஷம் அதுவும் சாகும். மேல் 32 கே-யில் இன்னொரு வேடிக்கை: 64 கே சில்லுகளில் ஒரு பாதி பழுதாகிப் போனவற்றை, நல்ல பாதியை மட்டும் 32 கே என்று மலிவாக வாங்கிப் போட்டிருக்கிறார்கள். நம் ஊர்க் காய்கறிக் கடையில் அடிபட்ட தக்காளியைக் கூறு கட்டி விற்பது மாதிரி. எந்தப் பாதி நல்லது என்று போர்டில் ஒரு கம்பித் துண்டு வைத்துச் சொல்ல வேண்டும்.

அடுத்தது கேசட். மண்டபத்துக்கு வந்த கேசட்டுகளில் 61 கேசட்டுகளை நான் ஒலியாகப் பதிவு செய்து, அலைநீளங்களை எண்ணி, கோப்பாக மாற்றிக் கொடுத்திருக்கிறேன். பாட்டுக் கேசட் கொஞ்சம் மங்கினால் பாட்டு மங்கும், அவ்வளவுதான். புரோகிராம் கேசட்டில் ஒரே ஒரு பிட் போனால் மொத்தமும் போச்சு. பெரும்பாலும் ஹெட்டின் கோணம்தான் வில்லன். பதிவு செய்த ரிக்கார்டரின் ஹெட் எந்தக் கோணத்தில் இருந்ததோ அதே கோணத்துக்கு நம் ஹெட்டின் பக்கத்து ஸ்க்ரூவைக் கால் திருகு, அரைக்கால் திருகு என்று திருப்பி, ஓசை கூர்மையாகும் இடத்தைக் காதால் பிடிக்க வேண்டும். இதற்கு எந்தச் சாஃப்ட்வேரும் உதவாது. சுருதி சேர்க்கிற காது வேண்டும்.

2018-ல் ஊருக்குத் திரும்பினேன். மாமா ஓய்வு பெற்றுத் தென்காசிப் பக்கம் வந்துவிட்டிருந்தார். அடுத்த பொங்கலுக்குப் போனபோது, "மாமா, அந்தக் கம்ப்யூட்டர் இருக்கா?" என்றேன். "அது செத்துப்போச்சு மருமகனே. மச்சுல கிடக்கு. அதை எதுக்கு இப்பத் தோண்டுதே?" என்றார். மச்சில் ஏறினேன். பித்தளை அண்டாவுக்குப் பின்னால், ஒரு பிஸ்கட் டப்பாவில், மெஷினும் மூன்று கேசட்டுகளும். கேசட்டுகளின் மேல் மாமாவின் குண்டுக் கையெழுத்து: 'தமிழ் 1', 'தமிழ் 2', 'தமிழ் 3'.

விஷயம் அத்தை சொல்லித்தான் தெரிந்தது. அவர்கள் மகள் புனேயில் பிறந்து வளர்ந்தவள். பள்ளியில் மராத்தி, ஹிந்தி, ஆங்கிலம். தமிழ் பேசுவாள், எழுத்து தெரியாது. தமிழ் சொல்லித் தர ஆள் இல்லை. ஆகவே மாமா ராத்திரிகளில் உட்கார்ந்து, ஸ்பெக்ட்ரமில் அ, ஆ சொல்லித் தரும் புரோகிராம் எழுதினார். திரையில் எழுத்து வரும், பிள்ளை அதற்கான சாவியைத் தட்ட வேண்டும், சரியென்றால் ஒரு 'பீப்', தப்பென்றால் கனத்த ஒரு உறுமல்.

பொறியாளர்கள் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். ஸ்பெக்ட்ரமில் நாமாக வரைந்துகொள்ள அனுமதித்த எழுத்துகள் 21. தமிழுக்கு 247! மாமா என்ன செய்தார் என்றால், மெஷின் தன் எழுத்துருவை எங்கே தேடுகிறது என்று குறித்து வைத்திருக்கும் 23606 என்ற மெமரி இடத்தைப் பிடித்து, 'இனிமேல் இங்கே தேடு' என்று மாற்றிவிட்டார். 96 கட்டங்கள் கிடைத்தன. உயிரும் மெய்யும் 30, கு கூ வரிசைக்கு 36, மீதியில் கொம்பும் காலும். ண, ஊ மாதிரி அகலமானவை எட்டுக்கு எட்டுக் கட்டத்தில் அடங்காது. அவற்றுக்கு இரண்டிரண்டு கட்டம். புள்ளிக்குக் கட்டமே ஒதுக்கவில்லை. ஸ்பெக்ட்ரம் பேசிக்கில் 'ஓவர் 1' என்று ஒரு கட்டளை உண்டு. ஒரு எழுத்தின் மேலேயே இன்னொன்றை அடிக்கலாம். க அடித்து, ஒரு இடம் பின்னால் வந்து, அதன் தலைமேல் ஒரு முற்றுப்புள்ளியைச் சற்றே உயர்த்தி வரைந்த ஒரு குறியை அடித்தால் க். மாமா கம்ப்யூட்டர் படித்தவர் இல்லை. ஸ்டோர்ஸில் கணக்கு எழுதியவர். மெஷினோடு வந்த கையேட்டைப் படித்தே இவ்வளவும்.

'தமிழ் 1' கேசட்டில் அத்தை ரேடியோவிலிருந்து பக்திப் பாட்டுப் பதிந்திருந்தார். 'தமிழ் 2'-லும் பாட்டு. அத்தையைக் குறை சொல்ல முடியாது, அன்றைக்குக் காலி கேசட் விலை அப்படி. மிஞ்சியது 'தமிழ் 3' மட்டும்.

கேசட் முழுக்கப் பூசணம். நாடாவை ஹெட்டோடு அழுத்திப் பிடிக்கும் சின்னப் பஞ்சு உதிர்ந்துவிட்டிருந்தது. நாடாவை எடுத்து, ஸ்க்ரூ போட்ட வேறொரு கூட்டுக்கு மாற்றி, மெதுவாகத் துடைத்து, ஓட்டினேன். தலைப்புப் பகுதி சுத்தமாக வந்தது. புரோகிராமின் பெயர், நீளம் எல்லாம் தெரிந்தது. பிரதானப் பகுதியில் இரண்டு இடத்தில் ஒலி செத்திருந்தது. காந்தப் பூச்சே உதிர்ந்துபோன இடம்; எத்தனை தடவை ஓட்டினாலும் அங்கே ஒன்றுமில்லை.

இங்கேதான் அந்தக் காலத்து வடிவமைப்பின் அழகு. ஸ்பெக்ட்ரம் பேசிக்கில் நீங்கள் 66 என்று ஒரு எண்ணை அடித்தால், அது இரண்டு தடவை சேமிக்கப்படும். முதலில் நாம் படிக்க '6', '6' என்று எழுத்தாக. அதன் பின்னாலேயே, மெஷின் படிக்க, ஐந்து பைட்டில் மறைவாக. மாமாவின் எழுத்துருக்கள் எல்லாம் டேட்டா வரிகளில் எண்களாக இருந்தன. முதல் ஓட்டை மறைவான பாதியில் மட்டும் விழுந்திருந்தது. கண்ணுக்குத் தெரியும் பாதியைப் பார்த்து நிரப்பிவிட்டேன். இரண்டாவது ஓட்டை ஒரு எண்ணை முழுசாக, இரண்டு வடிவத்தையும் சேர்த்து விழுங்கியிருந்தது. வரியின் நீளத்தை வைத்து அது இரண்டு இலக்க எண் என்று மட்டும் தெரிந்தது.

டேப்பின் கடைசியில் ஒரு சோதனை பைட் உண்டு. எல்லாப் பைட்டுகளையும் எக்ஸ்-ஆர் செய்த விடை. மற்ற எல்லாம் சரியென்றால், காணாமல் போனவற்றின் எக்ஸ்-ஆர் என்னவென்று அது காட்டிக் கொடுத்துவிடும். காகிதத்தில் போட்டுப் பார்த்தேன். பத்து முதல் தொண்ணூற்றொன்பது வரை உள்ள எண்களில் நான்குதான் பொருந்தின: 64, 65, 66, 67. வீட்டுக்குப் போய் நீங்களும் போட்டுப் பாருங்கள். விடை ஹெக்ஸில் 42.

அந்த எண் ஒரு எழுத்தின் எட்டு வரிசைகளில் ஒன்று. மற்ற வரிசைகளை வரைந்தால், இடதுபக்கம் ஒரு கால், வலதுபக்கம் ஒரு கால், கீழே ஒரு கோடு. ப! 66 என்பதை இரும எண்ணாக எழுதினால் இரண்டு புறமும் ஒவ்வொரு புள்ளி. 64 என்றால் இடது கால் மட்டும். 66-தான் என்று எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனாலும், பஸ் டிரைவர் ஞாபகத்துக்கு வந்தார். எழுதியவர் உயிரோடு இருக்கும்போது நாமாக முடிவு செய்யலாமா?

மாமாவிடம் போனேன். "ப-வுக்கு ரெண்டு காலும் சமமாத்தானேடா இருக்கும்?" என்று சிரித்தார். பிறகு கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "பால் கணக்கு நோட்டு எங்க?" என்று அத்தையைக் கேட்டார். பழைய நோட்டு. முன்பக்கம் பால் கணக்கு, பின்பக்கத்திலிருந்து கட்டம் கட்டமாகப் பென்சிலில் தமிழ் எழுத்துகள், ஒவ்வொரு வரிசைக்கும் பக்கத்தில் எண். ப-வுக்கு நேராக 66 என்று இருந்தது.

மெஷினையும் பிழைக்க வைத்தேன். ஸ்பெக்ட்ரமின் அடாப்டரில் நடுக்கம்பி மைனஸ். இன்றைக்குக் கடையில் வாங்குகிறவற்றில் பெரும்பாலும் நடுக்கம்பி பிளஸ். எப்போதோ யாரோ அதைச் செருகியிருக்கிறார்கள். டிரான்சிஸ்டரும் இரண்டு மெமரிச் சில்லும் மாற்றினேன். சாவிகளுக்குக் கீழே இருக்கும் பிளாஸ்டிக் தாள் அப்பளமாக நொறுங்கியிருந்தது. புதிதாகச் செய்து விற்கிறார்கள், வரவழைத்தேன். மாமாவின் மகள் தீபாவளிக்குப் பிள்ளைகளோடு வந்தபோது ஓட்டிக் காட்டினோம். அந்த உறுமல் சத்தம் கேட்டதும், "ஐயோ, இதுக்குப் பயந்தே நான் ழ கத்துக்கிட்டேன்" என்றாள். அவள் பையன் பத்து நிமிஷம் விளையாடிவிட்டு, கலர் ஏன் இப்படி ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கிறது என்று கேட்டான். எட்டுக்கு எட்டுக் கட்டத்துக்கு இரண்டு கலர்தான் என்று விளக்க ஆரம்பித்தேன், ஓடிவிட்டான்.

அந்தக் கோப்பையும், நோட்டின் படங்களையும், எந்த பைட் எப்படி நிரப்பப்பட்டது என்ற குறிப்பையும் காப்பகத்துக்கு அனுப்பினேன். மாமாவின் பெயரை ஆசிரியர் இடத்தில் போட்டேன். மாமா அதற்கு முதலில் சம்மதிக்கவில்லை. "இதெல்லாம் ஒரு சாதனையா, ஆபீஸ்ல சிரிப்பாங்க" என்றார். ஓய்வு பெற்றுப் பதினான்கு வருஷம் ஆகிவிட்டது என்று ஞாபகப்படுத்தினேன்.

நான் தேடிப் பார்த்த அளவில், நம் நாட்டில் அந்த மெஷினில் வீட்டில் உட்கார்ந்து எழுதப்பட்டவை காப்பகங்களில் மிக மிகக் குறைவு. தமிழில் மாமாவுடையதைத் தவிர வேறொன்று என் கண்ணில் படவில்லை. ஸ்பெயின், போலந்து, செக், பிரேசில்காரர்கள் எல்லாம் தங்கள் ஊர்ச் சரக்கை வண்டி வண்டியாகச் சேர்த்து வைத்திருக்கிறார்கள். நம் ஊரில் யாருமே எழுதவில்லை என்பதை நான் நம்பத் தயாராக இல்லை. ஜாதகம் கணிக்க, சீட்டுக் கணக்கு எழுத, கோலம் போட, பிள்ளைக்கு வாய்ப்பாடு சொல்லித் தர என்று யார் யாரோ எழுதியிருப்பார்கள். எழுதியவர்களுக்கு இப்போது அறுபது, எழுபது வயது. கேசட்டுக்கு முப்பத்தைந்து, நாற்பது. இரண்டுக்கும் அதிக நாள் இல்லை.

ஆகவே ஒரு விண்ணப்பம். இங்கே 1980-களில் படித்த அண்ணன்மார், அக்காமார் பலர் வந்திருக்கிறீர்கள். பரணில், மச்சில், கட்டிலுக்கு அடியில், பாட்டு இல்லாமல் கரகரவென்று மட்டும் கேட்கிற கேசட் இருந்தால் எனக்குத் தகவல் சொல்லுங்கள். ஸ்பெக்ட்ரமாக இருக்க வேண்டும் என்பதில்லை, பி.பி.சி. மைக்ரோவும் சரிதான். தயவுசெய்து நீங்களாகப் போட்டுப் பார்க்காதீர்கள்; பூசணம் பிடித்த நாடாவை ஓட்டினால் அதுவும் போகும், ரிக்கார்டரும் போகும். கேசட்டோடு ஒரு நோட்டோ துண்டுக் காகிதமோ இருந்தால் அதையும் தூக்கிப் போடாதீர்கள், பின்பக்கம் பால் கணக்காக இருந்தாலும். கேசட்டைப் பிரதி எடுத்துவிட்டு உங்களிடமே திருப்பிக் கொடுப்பேன்.

மாணவர்களுக்கு: மாமாவின் மெஷினை மாமாவிடம் கேட்டு வாங்கி வந்திருக்கிறேன். மதியம் இரண்டு மணிக்கு மேல் மைக்ரோபிராசசர் லேபில் இருக்கும். டேப் டெக்கும் ஸ்க்ரூடிரைவரும் வைத்திருக்கிறேன், ஹெட் கோணத்தைக் காதால் பிடிக்க யாருக்கு வருகிறது என்று பார்க்கலாம். துறைத்தலைவரிடம் அனுமதி வாங்கியாகிவிட்டது. செருப்பைக் கழற்ற வேண்டாம். மெஷின்மேல் காபியை மட்டும் வைக்காதீர்கள்.

சாப்பாட்டு மணி அடித்துவிட்டது.